கரைக்கு வந்தபிறகு ஏசிக்கொள்ளலாம்

“சார், எண்பத்து நாலு நாள் மீனே படலேன்னா அந்த ஆளு சோத்துக்கு என்ன செஞ்சாரு?”

‘கடலும் கிழவனும்’ நாவலை வாசிக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடம் வந்த கேள்வி. சனிக்கிழமை மத்தியானங்களில் பிளஸ் ஒன் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்து ஏதாவது ஒரு கதையை வாய்விட்டு வாசிப்பது என் வழக்கம். எங்கள் பள்ளிக்கூடம் மண்டபம் பக்கம். பிள்ளைகளில் பாதிப்பேர் கடலுக்குப் போகிற வீடு. இந்தக் கதையை அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள்தான் எனக்கு விளக்கினார்கள். தூண்டில் நரம்பு கிழவனின் உள்ளங்கையை அறுக்கும் இடம் வந்ததும் ஒருவன், “தங்கூசக் கையில சுத்தவே கூடாது சார், பெரிய மீனு இழுத்தா விரலு போயிரும்” என்றான். 18 அடி நீள மீன் என்றதும், “மூக்கு நீட்டிக்கிட்டு இருக்குமே, மயில்மீனு சாதி” என்று இன்னொருத்தன் கையை விரித்துக் காட்டினான். கிழவனின் பெயர் சாண்டியாகோ. ஸ்பானிய மொழியில் அது புனித யாகப்பரின் பெயர். நம் கரையில் அதுவே சந்தியாகு. தங்கச்சிமடம் வேர்க்காட்டில் கோயில் கொண்டிருக்கிற அதே சந்தியாகப்பர். இதைச் சொன்னதும் வகுப்பே கலகலத்துவிட்டது. “எங்க தாத்தா பேரு சார்!” என்று கத்தினாள் ஒருத்தி. அந்த நிமிடம் முதல் கியூபா நாட்டுக் கிழவன் பாம்பன்காரனாகிவிட்டான்.

மூன்று சனிக்கிழமைகளில் முடித்தோம். கடைசிப் பக்கத்தை மூடியபோது அந்தப் பெண்தான் கேட்டாள்: “இத எழுதுனவரு இப்ப இருக்காரா சார்?”

“இல்லம்மா. 1961ல இறந்துட்டார்.”

“எப்படி சார்?”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்த ஒருவன் போனைப் பார்த்துவிட்டான். “தற்கொலை சார். பெரிய குடிகாரராம்.” இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் மட்டும் சிரிக்காமல், மேசையில் பேனாவால் கிறுக்கியிருந்த எதையோ கட்டைவிரலால் அழித்துக்கொண்டே இருந்தான். அது அழியவில்லை. அவன் அழிப்பதையும் நிறுத்தவில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும், “சரி சரி, அதெல்லாம் இப்ப எதுக்கு, மணியாச்சு” என்று வகுப்பை முடித்துவிட்டேன்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் எழுதப்போகிறேன். நான் நழுவியதற்குக் காரணம் இருக்கிறது. அது என் வீட்டுக்குள் இருக்கிற காரணம்.

முதலில் அந்த எழுத்தாளரைப் பற்றி.

எர்னெஸ்ட் ஹெமிங்வே 1899ல் பிறந்தவர். ‘கடலும் கிழவனும்’ 1952ல் வந்தது. முதலில் அமெரிக்காவின் ‘லைஃப்’ பத்திரிகையில் முழுதாக அச்சாகி, இரண்டே நாளில் ஐம்பது லட்சம் பிரதிகள் விற்றது. 1954ல் நோபல் பரிசு. பரிசை வாங்க அவரால் போக முடியவில்லை. அந்த வருஷத் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து இரண்டு விமான விபத்துகளில் சிக்கித் தலையிலும் உடம்பிலும் பலத்த அடி. அவர் எழுதி அனுப்பிய சிறிய உரையை ஸ்வீடனில் இருந்த அமெரிக்கத் தூதர் வாசித்தார். அந்த உரையில் ஓர் இடம் உண்டு. முன்னால் எழுதியவர்கள் அவ்வளவு பெரியவர்களாக இருப்பதால், அடுத்து எழுத வருகிறவன் தன்னால் போக முடிகிற எல்லையையும் தாண்டி, யாரும் உதவிக்கு வர முடியாத தூரத்துக்குத் துரத்தப்படுகிறான் என்கிறார். நாவலில் கிழவனும் இதையேதான் நினைக்கிறான்: நான் ரொம்பத் தூரம் போய்விட்டேன் என்று. பரிசு பெற்ற சந்தோஷத்தில் இருக்க வேண்டிய மனிதர், யாரும் வர முடியாத தூரம் என்று எழுதி அனுப்புகிறார். அதைக் கேட்ட அத்தனை பெரியவர்களும் இலக்கியம் பற்றிய அழகான வாக்கியம் என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் வாசித்தேன்.

அதன்பிறகு ஏழு வருஷம்கூட அவர் இல்லை. குடி ஏற்கெனவே கல்லீரலைக் கெடுத்திருந்தது. குறைக்கச் சொல்லி மருத்துவர்கள் சொன்னார்கள். குறைத்தார், திரும்பவும் குடித்தார். தலையில் பட்ட பழைய அடிகள், ரத்தக் கொதிப்பு, பெரிய மனச்சோர்வு எல்லாம் சேர்ந்துகொண்டன. போலீஸ் தன்னைப் பின்தொடர்கிறது என்று பயந்தார். மற்றவர்கள் அதைச் சித்தப்பிரமை என்றார்கள். அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வுப் போலீஸான எஃப்பிஐ அவர்மேல் உண்மையிலேயே ஒரு கோப்பு வைத்திருந்தது பிற்பாடு வெளியே வந்தது. 1960 கடைசியில் மின்னசோட்டாவில் உள்ள மேயோ கிளினிக்கில் சேர்த்தார்கள். தன் பெயரில் அல்ல, உள்ளூர் மருத்துவர் ஒருவரின் பெயரில். வெளியே சொன்ன காரணம் ரத்தக் கொதிப்பு. மனநோய் என்று ஊருக்குத் தெரியக்கூடாது என்பதில் அமெரிக்காவும் நம் ஊரும் ஒன்றுதான். அங்கே மின் அதிர்வு சிகிச்சை பலமுறை கொடுத்தார்கள். நினைவுகள் அழிந்துபோயின, எழுத்தாளனுக்கு அதுதானே முதல் என்று நொந்துகொண்டார். (இதைப் படித்து யாரும் அந்தச் சிகிச்சைக்குப் பயப்பட வேண்டாம். இன்றைக்கு மயக்க மருந்து கொடுத்துக் கவனமாகச் செய்கிறார்கள். கடுமையான மனச்சோர்வில் பலரை அது மீட்டிருக்கிறது.)

1961 தொடக்கத்தில் கென்னடி ஜனாதிபதி ஆனபோது, அவருக்குக் கொடுக்கும் ஒரு புத்தகத்துக்காகக் கையால் ஒன்றிரண்டு வரி எழுதித் தரக் கேட்டார்கள். ஹெமிங்வே நாள்கணக்கில் உட்கார்ந்தார். வரி வரவில்லை. இனிமேல் வரவே வராது என்று மருத்துவர் முன்னால் அழுதார். வாழ்க்கை முழுக்க விடியற்காலையில் எழுந்து, நின்றபடியே எழுதிய மனிதர் அவர்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குடித்துவிட்டு எழுது, தெளிந்தபின் திருத்து என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் தமிழிலும் படம் போட்டுச் சுற்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே இல்லை. அவருடைய எழுத்து காலைப்பொழுதின் எழுத்து. குடி அவருக்கு எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. இருந்ததை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். கலைஞன் என்றால் குடிப்பான், அழிவான், அதுதான் அழகு என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. குடிகாரன் செத்தான் என்று தள்ளிவிட்டுப் போகிறவர்களைக் கண்டாலும் அதே கோபம். இரண்டு பேருமே அந்த மனிதர் பக்கத்தில் போய் உட்காரவில்லை.

1961 ஜூலை 2, ஐடஹோ மாநிலம் கெட்சம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எப்படி என்பதை எழுத மாட்டேன். பிள்ளைகள் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அந்த விவரம் யாருக்கும் நல்லது செய்யாது, ஏற்கெனவே தத்தளிக்கிற ஒருவருக்கு வழிகாட்டியும் விடலாம். அவர் மனைவி மேரி முதலில் விபத்து என்றே பத்திரிகைகளிடம் சொன்னார். உண்மையை வெளிப்படையாகச் சொல்ல அவருக்குச் சில வருஷங்கள் ஆயின. கெட்சத்துப் பாதிரியாரும் விபத்து என்று நம்பித்தான் அடக்க ஜெபங்களைச் சொன்னார்.

விபத்து என்று சொன்ன அந்த மேரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் அப்பத்தாவின் ஞாபகம் வரும். 2011 மே மாதம், வீட்டு வாசலில் நின்று வந்தவர்களிடம் எல்லாம் “நெஞ்சுவலி, நெஞ்சுவலி” என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பத்தா.

என் சித்தப்பா விசைப்படகில் டிரைவர். காற்றைப் பார்த்துக் கணக்குச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். வாடை எப்போது திரும்பும், கச்சான் எத்தனை நாள் அடிக்கும் என்று படகு முதலாளிகளான சம்மாட்டிகளே வந்து கேட்டுப் போவார்கள். சின்ன வயதில் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். என்னைக் கையில் ஏந்தி மிதக்கவிட்டு, நான் அறியாமல் கையை எடுத்துவிடுவார். ஆனால் கை தண்ணிக்குள் என் முதுகுக்குக் கீழேயே இருக்கும்.

எப்போது குடிக்க ஆரம்பித்தார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கூடப் போனவர் ஒருவர் கடலில் தவறிப்போன பிறகு என்பார் அப்பா. சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் ஏறிப்போனதால் என்பார் மாமா. அதற்கு முன்னாலேயே குடிதான் என்பாள் சித்தி. எனக்கு மூன்றும் உண்மையாகத்தான் படுகிறது. ஒற்றைக் காரணம் கிடைத்துவிட்டால் நமக்கு நிம்மதி, அதனால் தேடுகிறோம்.

எனக்குத் தெரிந்த அளவில், காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் அவர் கை நிற்கும். அதற்கு முன்னால் டீ கிளாசைக் கொடுத்தால் பாதி வேட்டியில் சிந்தும். ஊர் அதைப் பார்த்துச் சிரிக்கும். தவக்காலம் வந்தால் குடியை விட்டுவிடுவதாக மாதாவுக்கு முன்னால் சத்தியம் செய்வார். மனதாரத்தான் செய்வார். ஒரு வருஷம் விபூதிப் புதனன்று விட்டார். மறுநாள் சாயங்காலம் உடம்பெல்லாம் வியர்த்து நடுங்கிக்கொண்டு கிடந்தார். ராத்திரி வலிப்பு வந்தது. யாரோ ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள். பல் கிட்டியிருந்தது, சாவிகள் மட்டும் கலகலவென்று அடித்துக்கொண்டே இருந்தன. எனக்கு அப்போது பதினான்கு வயது. அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. மூன்றாம் நாள், “சுவத்துல பூரா நண்டு ஏறுது பாரு, தட்டி விடு, தட்டி விடு” என்றார். சுவரில் ஒன்றும் இல்லை. கடலில் செத்தவன் பிடித்துவிட்டான் என்று அப்பத்தா முடிவுகட்டினாள்.

பேயும் இல்லை, மாதா கோபமும் இல்லை. வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் வரும், சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் தெரியும். உயிரே போகலாம். மருத்துவமனையில் சேர்த்து, நரம்பை அடக்கும் மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தாண்டிவிடலாம். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ரோஷம் இருந்தால் இன்றோடு நிறுத்து என்றுதான் எல்லோரும் சொன்னோம். அவர் நிறுத்தினார். உடம்பு தூக்கிப் போட்டது. பயந்துபோய் யாரோ ஒரு குவார்ட்டரை வாங்கி வாயில் ஊற்றினார்கள். நடுக்கம் நின்றது. அதோடு, தன்னால் முடியாது என்று அவரும் முடிவு செய்துவிட்டார். அதற்கப்புறம் அவர் சத்தியம் செய்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் எங்கள் பக்கம் நடக்கும். குடியை வெறுக்க வைக்கும் மாத்திரையை அவருக்கே தெரியாமல் குழம்பில் கலந்து வைப்பது. அது தெரியாமல் அந்த மனிதர் குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அன்பினால்தான் வைக்கிறார்கள், தெரியும். ஆனாலும் வேண்டாம்.

ஏர்வாடிக்கும் கூட்டிப்போனாள் அப்பத்தா. கழுத்தில் ஜெபமாலையோடு தர்காவில் போய்த் தங்கினாள். அங்கே அது புதிதில்லை, எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள், கனவில் உத்தரவு வரும் வரை காத்திருப்பார்கள். சித்தப்பா பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தார். கொட்டகைகளில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தவர்களைப் பற்றி வந்து சொன்னார். அடுத்த வருஷம், 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். செய்தி கேட்ட அன்று சித்தப்பா குடிக்கவில்லை. கடற்கரையில் போய் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். “நானும் அந்த மணல்லதாண்டா படுத்துக் கிடந்தேன்” என்றார் என்னிடம். அதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றமே தலையிட்டது, காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னால் தர்காவிலேயே துவாவோடு மருந்தும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. ரொம்ப நல்ல காரியம். சித்தப்பாவுக்கு அது பிந்திப்போயிற்று.

2011 மீன்பிடித் தடைக்காலம். இப்போது 61 நாள், அன்றைக்கு 45 நாள். படகெல்லாம் கரையில். வேலை இல்லாத கை, கடன், வெயில். நான் மதுரையில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி பத்து மணி இருக்கும், போன் அடித்தது. திரையில் ‘சித்தப்பா’. போதையில் கூப்பிட்டால் சொன்னதையே ஒரு மணி நேரம் சொல்வார். மறுநாள் எனக்குப் பரீட்சை. சத்தத்தை அணைத்துக் கவிழ்த்து வைத்தேன். திரும்பவும் ஒருமுறை வெளிச்சம் வந்து போனது. காலையில் அப்பாவின் போன்.

எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. பல வருஷம் அப்படித்தான் நினைத்து என்னை அரித்துக்கொண்டேன். பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் போய் அழுதேன். ஒரு போன்காலில் இவ்வளவு பாரத்தை ஏற்றாதீர்கள், அது தாங்காது என்றார். சரி என்று ஏற்றுக்கொண்டேன். ஆனால் அவர் என்ன சொல்லக் கூப்பிட்டார் என்று கேட்க ஆசை மட்டும் போகவில்லை.

அந்தச் சாவுக்கு முன்னால் ஒருமுறை முயற்சி செய்திருக்கிறார் என்பதே எனக்குப் பின்னால்தான் தெரியும். அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து, தெரிந்த கம்பவுண்டரை வைத்து வீட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின்படி தற்கொலை முயற்சி அன்றைக்குக் குற்றம். 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை மாற்றியது. முயற்சி செய்தவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்கு சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்கிறது அதன் 115ஆம் பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309 இல்லவே இல்லை. ஆனால் ஊருக்குள் பழைய பயம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். தைரியமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அப்பத்தாவுக்குப் போலீஸைவிடப் பெரிய பயம் கல்லறை. அந்தக் காலத்தில் இப்படிச் செத்தவர்களுக்குப் பூசை கிடையாது, கல்லறைச் சுவருக்கு வெளியேதான் குழி என்று பார்த்து வளர்ந்தவள். கத்தோலிக்கத் திருச்சபை 1983லேயே அந்தத் தடையைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. மனக்கோளாறும் பெருந்துயரமும் அந்த மனிதரின் பொறுப்பைக் குறைக்கும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று மறைக்கல்வி ஏடே சொல்கிறது. எங்கள் பங்குச் சாமியார் வந்தார். நெஞ்சுவலியா என்று கேட்கவில்லை. அப்பத்தா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “எத்தனை மணிக்கு எடுக்கலாம்மா?” என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் அப்பத்தா வாய்விட்டு அழுதாள்.

இரக்கம் பற்றி எழுதும்போது சித்தி முன்னால் என்னால் நிமிர்ந்து நிற்க முடியாது. அடி வாங்கியவள் அவள். தாலியைக் கழற்றி அடகு வைத்தவள் அவள். பாம்பன் பக்கத்துத் தீவுகளில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போவாள். பாறையில் உரசி அறுபடாமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் பழந்துணிக் கீற்றைச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போடுவாள். அந்தக் கையால்தான் அவருக்குச் சோறு போட்டாள். குடிக்கிறவர்மேல் இரக்கம் என்றால் அவள் இன்னும் பொறுத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்தாலும் அது நியாயம்தான். ஹெமிங்வேயும் கூட வாழச் சுலபமான மனிதர் அல்ல. நான்கு மனைவிகள், முறிந்த சிநேகங்கள் என்று பலரைக் காயப்படுத்தியவர். அதை மறைத்து வைத்துவிட்டு இரக்கப்பட்டால் அது பொய்யான இரக்கம். போன மாதம் சித்தியிடம் கேட்டேன், சித்தப்பாமேல் கோபம் இருக்கிறதா என்று. கொஞ்ச நேரம் துணிக்கீற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். “இருக்கு. அடிச்சதுக்கு இருக்கு. ஆனா அந்த மனுசன் போறதுக்கு மொதநாளு என்கிட்ட, கை நடுங்குது, இனிமே ஸ்டேரிங் பிடிக்க முடியாதுன்னு சொன்னாரு. நான், குடிச்சா நடுங்கத்தான் செய்யும்னு சொல்லிட்டேன். அது மேல எனக்கே கோபம்” என்றாள்.

கை நடுங்கியவருக்கு ஸ்டேரிங். ஹெமிங்வேக்கு ஒன்றிரண்டு வரி. இரண்டு பேரும் தங்கள் தொழில் கையைவிட்டுப் போனதை யாரோ ஒருவரிடம் சொல்லித்தான் இருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு அது விளங்கவில்லை.

ஹெமிங்வேயின் அப்பாவும் இப்படித்தான் போனார், 1928ல். மகனுக்கு அப்போது 29 வயது. நெடுங்காலம் அவருக்கு அப்பாமேல் ஆத்திரம். பின்னால் எழுதிய நாவல் ஒன்றில் நாயகன், அதே மாதிரி இறந்த தன் அப்பாவைக் கோழை என்று நினைக்கிறான். அதே எழுத்தாளர், அப்பா போய் முப்பத்து சொச்ச வருஷம் கழித்து, அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடைய தங்கை ஒருவரும் தம்பியும் பேத்தி மார்கோவும் பின்னால் அப்படியே இறந்தார்கள். ஆனால் அதே வீட்டில் பிறந்த இன்னொரு பேத்தி மேரியல், குடும்பத்தின் மனநோயைப் பற்றி மேடையில் வெளிப்படையாகப் பேசிக்கொண்டு வாழ்கிறார். ரத்தத்தில் வருவது விதி இல்லை. கோழை என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் தன் அப்பாவுக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால், தனக்கு நோய் வந்தபோது உதவி கேட்பது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றும். நிச்சயமாகச் சொல்ல முடியாதுதான்.

எங்கள் கடலில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜின் நின்றுபோன படகு ஒன்று கம்பில் துணியைக் கட்டி வீசினால், பார்க்கிற படகு போயாக வேண்டும். அன்றைய மீன்பாட்டை விட்டுவிட்டு, டீசலைச் செலவழித்து, வடத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வர வேண்டும். ஏன் இவ்வளவு தூரம் வந்தாய், இன்ஜினை ஏன் பார்க்கவில்லை, குடித்துவிட்டு ஓட்டினாயா என்றெல்லாம் நடுக்கடலில் யாரும் கேட்பதில்லை. பகையாளி படகாக இருந்தாலும் வடம் போகும். ஏச்செல்லாம் கரைக்கு வந்தபிறகுதான். அப்போது நன்றாகவே ஏசுவார்கள், சித்தப்பாவும் எத்தனையோ பேரை இழுத்து வந்து ஏசியிருக்கிறார். அவர் துணி வீசியபோது மட்டும் நாங்கள் எல்லோரும் நடுக்கடலிலேயே ஏசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை புதுக்கதை எடுக்கவில்லை. இதில் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடியதை எல்லாம் சொன்னேன். சித்தப்பாவைப் பற்றியும் சொன்னேன். குடிகாரர் என்பதற்குப் பதில் குடிநோயாளி என்று ஒரு சொல் இருக்கிறது என்றும், சர்க்கரை நோயாளி என்று சொல்கிற மாதிரிதான் அதுவும் என்றும் சொன்னேன். கரும்பலகையில் 14416 என்று எழுதினேன். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், காசு கிடையாது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். 104க்கும் கூப்பிடலாம் என்றேன். சென்னையில் சிநேகா என்ற அமைப்பு 1986லிருந்து இப்படிப்பட்டவர்களின் பேச்சைக் கேட்பதற்காகவே இருக்கிறது என்றும் சொன்னேன். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இன்றைக்கு ராத்திரி தாங்காது போலிருந்தால், அந்த எண் உங்களுக்கும்தான். வெட்கப்படாதீர்கள். பக்கத்தில் இருக்கிறவரையும் எழுப்புங்கள். பரீட்சை இருந்தாலும் எழுப்புங்கள்.

யாரும் கேள்வி கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. மூன்றாவது பெஞ்சுப் பையன் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

சந்தியாகப்பர் திருவிழா முடிந்த மறுநாள் காலை ஐந்தரைக்கு அவன் போன் செய்தான். (அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி.) “சார், அப்பா குடிய விட்டு ரெண்டு நாளாச்சு. அம்மா ரூமுல வச்சுப் பூட்டியிருக்கு. ரொம்ப நடுங்குது சார். யாரோ நிக்கிறாங்க, யாரோ நிக்கிறாங்கன்னு சொல்றாரு. 14416க்கு அடிச்சேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்றாங்க.”

வண்டி பிடித்துப் போனேன். பாம்பன் பாலத்தில் ஏறும்போது நல்ல காற்று, பக்கத்தில் புது ரயில்பாலத்தின் மேல் வெயில் விழ ஆரம்பித்திருந்தது. அவர் பின்சீட்டில் மகனுக்கும் மனைவிக்கும் நடுவே போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். பார்க்கப் பத்து வயது மூத்தவர் மாதிரி இருந்தார். உச்சிப்புளி தாண்டும்போது தொண்டை வறண்டுபோகிறது, ஒரு வாய் டீ வேண்டும் என்றார். நிறுத்தினோம். கிளாசைக் கையில் வாங்கியதும் ஆட ஆரம்பித்தது. டீ போர்வையில் சிந்தியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையன் ஒன்றும் சொல்லாமல் கிளாசை வாங்கி, ஊதி ஆற்றி, இன்னொரு கையால் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு வாயருகே வைத்தான்.

இரண்டு வாய் குடித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

“சார், இவன் ஒழுங்காப் படிக்கிறானா?”

“படிக்கிறாண்ணே” என்றேன். பையன் மூன்றாவது வாய்க்குக் கிளாசைச் சாய்த்தான்.